பழைய கேஸ் கிரில்லைப் புதுப்பிக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

மே மாதம், விக்டோரியா தின விடுமுறை நெருங்கினால் போதும். என் வாட்ஸ்அப்பில் கிரில் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். "அண்ணே, 50 டாலர் சொல்றார், எடுக்கலாமா?" "பக்கத்து வீட்டில் குப்பை நாளுக்கு வெளியே வச்சிருக்காங்க, சரி பண்ண முடியுமா?" "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு வீட்டுல சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

டொராண்டோவைச் சுற்றி இருக்கும் நம் குடும்பங்களுக்குக் கோடை நாலு மாதம்தான். அந்த நாலு மாதமும் கொல்லைப்புறத்தில்தான் விருந்து. முதல் நாள் இரவே தயிரும் மசாலாவும் போட்டு ஊறவைத்த கோழி, உப்பும் எலுமிச்சையும் தேய்த்த சோளம், கொத்சுக்குச் சுட்ட கத்தரிக்காய் என்று எல்லாமே அந்த அடுப்பில்தான். அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கிரில்லை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மலிவான புதுக் கிரில்லை வாங்கி அது துருப்பிடித்துச் சாவதையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் முன்னால் இருப்பது நாலு வழி. பழையதை வாங்கி முழுசாகப் புதுப்பிப்பது. பழையதை வாங்கித் துடைத்து, அவசியமானதை மட்டும் மாற்றுவது. புதிதாக மலிவானது வாங்குவது. புதிதாக நல்லதாகவே வாங்குவது.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை வைத்து ஆரம்பிக்காதீர்கள். நான் பார்க்கும் வரிசை இது.

பெட்டி. பர்னர் உட்கார்ந்திருக்கும் அந்த அடுப்புப் பெட்டிதான் கிரில். பர்னர், கம்பித்தட்டு, ஹோஸ், குமிழ், சக்கரம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி ஓட்டையானால் கதை முடிந்தது. வார்ப்பு அலுமினியப் பெட்டி துருப்பிடிக்காது. இருபது குளிர்காலம் பனியில் நின்றாலும் நிறம்தான் மங்கும். மெல்லிய இரும்புத் தகட்டுப் பெட்டி கொழுப்பும் ஈரமும் சேர்ந்து அடியிலிருந்து அரிக்கும். எது எது என்று கண்டுபிடிக்க, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் பெரும்பாலும் அலுமினியம். ஒட்டினால் இரும்பு. அப்படியானால் கம்பித்தட்டைத் தூக்கி, உள்ளே அடிப்பக்கத்தை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தாலோ நுனி உள்ளே போனாலோ, விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

எந்த வாயு. இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கான கிரில்லும் சிலிண்டர் புரோபேனுக்கான கிரில்லும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இயற்கை எரிவாயுவுக்கு அழுத்தம் குறைவு, அதனால் அதன் ஜெட் துளை பெரிது. அதில் புரோபேனை இணைத்தால் தீ தாறுமாறாக எழும்பும். உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் தகட்டில் எந்த வாயு என்று எழுதியிருக்கும், படியுங்கள். ஒண்டாரியோவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை உரிமம் பெற்ற தொழில்நுட்பருக்கு உரியது. அவர் கூலியைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே போய்விடும்.

பாகம் கிடைக்குமா. மாடல் எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். பர்னரும், அதன் மேல் கவிழ்ந்திருக்கும் வெப்பத்தகடும் வந்தால் சரி. பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் கிரில்களுக்கு மாடல் அடிக்கடி மாறும். சில வருஷத்தில் எதுவும் பொருந்தாது.

அப்புறம் மொத்தச் செலவு, உங்கள் நேரம், இன்னும் எத்தனை குளிர்காலம் அது தாங்கவேண்டும் என்பது. மொத்தச் செலவில் சிலிண்டர், போக்குவரத்து, 13 சதவீத வரி எல்லாம் அடக்கம். பி.டி.யு. எண்ணை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அது எவ்வளவு வாயு குடிக்கும் என்று சொல்லும் எண். பெட்டி அந்தச் சூட்டைப் பிடித்துவைக்குமா என்று அது சொல்லாது.

## வழி 1: பழையதை வாங்கி முழுசாகப் புதுப்பிப்பது

நான் எடுத்தது வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ் வரிசையில் ஒரு பழைய மூன்று பர்னர் கிரில். அதன் இரு பக்கத்து மேசைகளும் மரப்பலகைகளால் ஆனவை, அவை வெயிலில் சாம்பல் நிறமாகிப் பிளந்திருந்தன. விற்றவர் ஒரு வயதான கனடியர். மூடியைத் திறந்தபோது உள்ளே கருப்பாகச் செதில் செதிலாகத் தொங்கியது. "பெயிண்ட் உரிகிறது, அதனால் விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்றார். அது பெயிண்ட் இல்லை. பல வருஷக் கொழுப்பும் புகையும் கரியாகிப் படிந்தது. பிளாஸ்டிக் சுரண்டியை வைத்து இழுத்தால் பழைய சுவரொட்டி உரிவதுபோல உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும். அடியில் முழுசான மூடி இருக்கும்.

எனக்கு ஆன செலவு, வரி உட்பட, டாலரில்: கிரில் 60, பர்னர் மூன்று 55, வெப்பத்தகடுகள் 45, ஹோஸும் ரெகுலேட்டரும் 30, சூடு தாங்கும் பெயிண்ட், சுரண்டி, கையுறை, துணி எல்லாம் சேர்த்து 35. ஆக 225. சிலிண்டர் புதிதாக 65, நிரப்ப 25. அதையும் கூட்டினால் 315. மேசைப் பலகைகளுக்கு வீட்டில் கிடந்த சீடார் மரத்தை அறுத்துப் போட்டேன், அதனால் அதற்குச் செலவில்லை. நேரம் இரண்டு சனிக்கிழமை, மொத்தம் 14 மணி நேரம்.

அந்த 14 மணி நேரத்தில் நாலு மணி நேரத்தைத் தின்றது இரண்டு போல்ட்டுகள். எஃகு போல்ட்டும் அலுமினியமும் வருஷக்கணக்கில் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பலத்தைப் போட்டால் தலை முறியும். முந்தின நாள் மாலையே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து, மறுநாள் அந்த இடத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். எனக்கு ஒன்று வந்தது, ஒன்று முறிந்தது. முறிந்ததைத் துளையிட்டு எடுத்துப் புதிய போல்ட்டும் நட்டும் போட்டேன். டிரில் இல்லாதவர்கள் இதை மறைமுகச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்பத்தகடு என்பது பர்னருக்கு மேலே கூடாரம்போலக் கவிழ்ந்திருக்கும் தகடு. கோழியிலிருந்து சொட்டும் கொழுப்பு நேராகப் பர்னரில் விழாமல் தடுப்பது அதுதான். அது ஓட்டையாகிவிட்டால் சொட்டுக்குச் சொட்டு தீ எழும்பிக் கோழி வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக வரும். வாங்கும் முன் பழையதை அளந்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள கிரில்லிலேயே வருஷத்துக்கு வருஷம் நீளம் மாறியிருக்கும். அரை அங்குலம் தவறினாலும் உட்காராது.

கம்பித்தட்டு வெறும் வார்ப்பிரும்பாக இருந்தால் துருவைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நம் வீட்டுத் தோசைக்கல்தான் அது. தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, மூடிபோட்டுச் சூடாக்கி, இரண்டு மூன்று தடவை பழக்கினால் கருகருவென்று வந்துவிடும். ஆனால் எனாமல் பூசிய தட்டில் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். அந்தச் சில்லு சாப்பாட்டில் சேரக்கூடாது.

சுத்தம் செய்ய ஓவன் கிளீனர் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது அலுமினியத்தை அரிக்கும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சுரண்டி, பொறுமை இவை போதும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் முடிபோன்ற கம்பி தட்டில் ஒட்டி, இறைச்சியோடு தொண்டைக்குள் போய் ஆஸ்பத்திரி வரை போனவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பதானால் வெளியே மட்டும். பெட்டிக்குள்ளும் மூடியின் உட்புறத்திலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

எப்போது சரி: பெட்டி அலுமினியம், பாகம் கிடைக்கிறது, சொந்த வீடு, கையால் வேலை செய்யப் பிடிக்கும். இந்த நாலும் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. எப்போது தவறு: அடுத்த வாரம் பிள்ளைக்குப் பிறந்தநாள் விருந்து இருக்கிறது என்றால். வேலை எப்படியும் ஒரு வாரம் இழுக்கும்.

## வழி 2: துடைத்து, அவசியமானதை மட்டும் மாற்றுவது

"சூடே ஏறமாட்டேன் என்கிறது" என்று சொல்லி 40 டாலருக்குக் கொடுத்துவிடுகிறார்களே, அந்தக் கிரில்களில் பாதிக்கு நோயே இல்லை என்பது என் எண்ணம். இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, ரெகுலேட்டர். சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்தாலோ, குமிழ் திறந்திருக்கும்போது வால்வைத் திறந்தாலோ, எங்கோ கசிகிறது என்று நினைத்து அது வாயுவைச் சொட்டுச் சொட்டாக மட்டும் விடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எல்லாக் குமிழையும் மூடி, சிலிண்டரையும் மூடி, ஹோஸைக் கழற்றி ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப மாட்டி, வால்வை மெதுவாகத் திறங்கள். பெரும்பாலும் தீ பழையபடி எழும்பும்.

இரண்டாவது, சிலந்தி. பர்னர் குழாயின் வாயில், காற்றும் வாயுவும் கலக்கும் இடத்தில், சிலந்திகள் வந்து கூடு கட்டும். ஒரு தடவை நண்பர் வீட்டில் பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், மறுபக்கம் தெரியவில்லை. நீள பிரஷ்ஷை விட்டு இழுத்ததும் பஞ்சுபோல வெள்ளையாக, சுண்டுவிரல் பருமனில் ஒரு அடைப்பு வந்து விழுந்தது. அவ்வளவுதான், மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த தீ நீலமாக நின்று எரிந்தது. இந்த அடைப்பை அலட்சியமாக விடக்கூடாது. வாயு முன்னால் போக வழியில்லாமல் பின்னால் திரும்பிக் குமிழ்ப் பலகைக்கு அடியில் பற்றிக்கொள்ளும்.

இந்த வழியில் கட்டாயம் மாற்றவேண்டியது ஹோஸ். வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தாலோ அணில் கடித்த தடம் இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். அது 30 டாலர். தானாகப் பற்றவைக்கும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் விட்டுவிடலாம், நீளமான லைட்டர் போதும். கிரில் 40, ஹோஸ் 30, சுத்தம் செய்யும் சாமான் 20 என்று 90 டாலரில் முடியும்.

மறைந்திருக்கும் செலவு சிலிண்டர்தான். கிரில்லோடு சேர்த்து இலவசமாகத் தருகிறேன் என்பார்கள். கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். கனடாவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரை மறுபரிசோதனை செய்தாகவேண்டும். தேதி தாண்டியதை நிரப்பித் தரமாட்டார்கள். அடுத்தது, இரும்புப் பெட்டியாக இருந்தால் இந்தத் துடைப்பு வேலை அதற்கு ஆயுளைக் கூட்டாது. ஒன்றிரண்டு கோடைக்குத்தான் என்று தெரிந்து வாங்குங்கள்.

எப்போது சரி: கிரில் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்கத்தான் போகிறீர்கள். அல்லது வாடகை வீடு, இரண்டு வருஷத்தில் மாறிவிடுவீர்கள்.

## வழி 3: புதிதாக மலிவானது

கடையில் 299 என்று போட்டிருப்பது வரியோடு 338 ஆகும். சிலிண்டரும் வாயுவும் சேர்ந்தால் 428. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பூட்ட இரண்டு மூன்று மணி நேரம். அன்றைக்கே சமைக்கலாம், எல்லாம் பளபளவென்று இருக்கும், முதல் வருஷத்துக்கு உத்தரவாதமும் உண்டு. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் முதலில் வாங்கியது இப்படிப்பட்டதுதான். மூன்றாவது குளிர்காலம் முடிந்து உறையை எடுத்தபோது கொழுப்புத் தட்டைச் சுற்றிப் பழுப்பாகப் பூத்திருந்தது. நாலாவது வருஷம் அடித்தகட்டில் விரல் நுழைந்தது. பர்னரை மாற்றலாம் என்று தேடினால் அந்த மாடலே இல்லை. மெல்லிய மூடி சூட்டைப் பிடிக்காது. குளிர்ந்த காற்று அடிக்கும் நாளில் கோழித்தொடை வேக ஒரு மணி நேரம் ஆனது. புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும், அதனால் ஜனவரியிலும் கிரில் எரியும். எரிந்த சூட்டை இந்தத் தகடு தக்கவைக்காது என்பதுதான் குறை.

எப்போது சரி: பழையதை ஏற்றிவர வண்டி இல்லை, கையில் சாவியோ ஸ்பேனரோ பிடித்துப் பழக்கமில்லை, கோடையில் ஐந்தாறு தடவைதான் போடுவீர்கள். அப்படியானால் வாங்குங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொழுப்புத் தட்டைக் காலி செய்து, குளிர்காலத்தில் கூரைக்கடியில் வைத்தால் ஓரிரு வருஷம் கூடுதலாக உழைக்கும்.

## வழி 4: புதிதாக நல்லதே

699 போட்ட கிரில் வரியோடு 790. சிலிண்டரும் வாயுவும் சேர்ந்தால் 880. பாகம் பல வருஷம் கிடைக்கும். நீண்ட உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கடைகள் இடத்தைக் காலி செய்ய விலை குறைப்பார்கள். மே மாதம் வாங்குவதுதான் தவறு. பணம் இருந்து நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

செலவு என் கணக்கு; உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

| | முழுப் புதுப்பிப்பு | துடைத்து எடுப்பது | புதிது, மலிவு | புதிது, நல்லது |
|---|---|---|---|---|
| சிலிண்டர் இல்லாமல் | 225 | 90 | 338 | 790 |
| சிலிண்டரும் வாயுவும் சேர்த்து | 315 | 180 | 428 | 880 |
| உங்கள் நேரம் | 14 மணி | 3–4 மணி | 2–3 மணி | 2–3 மணி |
| நான் எதிர்பார்க்கும் ஆயுள் | 8–10 வருஷம் | பெட்டியைப் பொறுத்து | 3–5 வருஷம் | 10க்கு மேல் |
| மறைந்திருக்கும் செலவு | முறிந்த போல்ட், டிரில், வேன் | காலாவதியான சிலிண்டர் | கிடைக்காத பாகம் | பருவத்தில் வாங்கினால் முழு விலை |

குப்பை நாளுக்கு வெளியே வைத்ததை எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்னது: காந்தத்தோடு போ, ஒட்டவில்லை என்றால் எடு, முதலில் இரண்டாவது வழியில் துடைத்து ஒரு கோடை ஓட்டு. பிடித்துப்போனால் வரும் வசந்தத்தில் பர்னரும் தகடும் மாற்றி முதல் வழிக்குப் போய்விடலாம். செலவு இரண்டு வருஷத்துக்குப் பிரியும். நல்ல பெட்டி கிடைத்தவர்களுக்கெல்லாம் இதே யோசனைதான் சொல்கிறேன். காந்தம் ஒட்டி, அடியும் உதிர்ந்தால், மூன்றாவதா நாலாவதா என்பதைக் கோடையில் எத்தனை தடவை போடுவீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறைக்கு மேல் என்றால் செப்டம்பர் வரை பொறுத்து நல்லதாக வாங்குங்கள்.

இன்னொன்று. அடுக்குமாடியில் இருப்பவர்கள் எதை வாங்கும் முன்னும் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பால்கனியில் புரோபேனுக்கு அனுமதி இல்லை.

## முதல் தடவை பற்றவைக்கும் முன்

புதிதோ பழையதோ, இதைச் செய்யாமல் என் நண்பர்கள் யாரையும் நான் பற்றவைக்க விடுவதில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குமிழும் மூடியிருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, வால்வுக் கழுத்து, ரெகுலேட்டர் இணைப்பு, ஹோஸின் முழு நீளம், கிரில்லில் சேரும் முனை என்று பிரஷ்ஷால் சோப்புத்தண்ணீரைத் தடவிக்கொண்டே வாருங்கள். என்னுடையதில் ரெகுலேட்டர் திருகும் இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நெடி எதுவும் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. வால்வை மூடி, கழற்றி, திருகில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்து மறுபடி மாட்டினேன். இரண்டாவது தடவை தடவியபோது ஒரு குமிழியும் வரவில்லை.

குமிழி நிற்காவிட்டால் அந்த ஹோஸைப் போடாதீர்கள். நின்றுவிட்டால், மூடியை நன்றாகத் திறந்துவைத்து முதல் பர்னரைப் பற்றவையுங்கள். மூடி சாத்தியிருக்கும்போது குமிழைத் திருப்பக்கூடாது. புரோபேன் காற்றைவிடக் கனமானது, பெட்டிக்குள்ளேயே தேங்கி நின்று ஒரே வெடிப்பாகப் பற்றும். ஐந்து வினாடிக்குள் பற்றவில்லை என்றால் குமிழை மூடி, ஐந்து நிமிஷம் காற்றாட விட்டு மறுபடி முயலுங்கள். பற்றியதும் காலி அடுப்பைப் பதினைந்து நிமிஷம் முழுத் தீயில் ஓடவிடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய்யும் பெயிண்ட் வாடையும் போய்விடும். அதற்குப் பிறகு கோழியைப் போடலாம்.